கால்சியம் பாஸ்பேட் மணிகளில் மருந்தை ஏற்றுவதும் மெல்ல விடுவிப்பதும்: முழுமையான வழிகாட்டி

ஏற்காடு மலைப்பாதையின் வளைவில் இருசக்கர வண்டி சறுக்கி, கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், முறிவைவிடப் பெரிய எதிரி அந்தக் காயத்துக்குள் புகும் கிருமிதான். எலும்புக்குள் சீழ் பிடித்தால் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆனால் இறந்துபோன எலும்புத் துண்டுக்கு இரத்த ஓட்டம் கிடையாது. இரத்தக் குழாய் வழியாக எவ்வளவு மருந்து ஏற்றினாலும் அது தேவையான இடத்தில் போதிய அளவு சேர்வதில்லை. அதனால்தான் மருந்தை எலும்புக்குள்ளேயே வைக்கும் வழியை மருத்துவர்கள் தேடினார்கள். 1970இல் ஜெர்மனியில் புக்ஹோல்ஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவர் எலும்பு சிமெண்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்தார். அக்ரிலிக் மணிகளில் மருந்தேற்றிக் காயத்துக்குள் வைக்கும் பழக்கமும் அதே பத்தாண்டில் வந்தது. அந்த மணிகள் கரையாதவை. பிறகு இன்னொரு அறுவை சிகிச்சை செய்து அவற்றை வெளியே எடுக்க வேண்டும்.

கால்சியம் பாஸ்பேட் அப்படியல்ல. நம் எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருக்கும் கனிமத்தின் நெருங்கிய உறவு அது. உடல் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. சில வகைகளை மெல்லக் கரைத்து, அந்த இடத்தில் சொந்த எலும்பை வளர்த்துக்கொள்ளும்.

சேலத்தில் மருந்தியலும் பொருளறிவியலும் படிக்கும் மாணவர்கள் முதுகலைத் திட்டத்துக்காக இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்கு ஆய்வக மேசையில் நின்றபடி சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது ஆய்வகத்துக்குள் மட்டுமே செய்யும் வேலை. இங்கே செய்யும் மணி எதையும் மனிதர் உடலில் வைக்கக் கூடாது.

தொடங்கும் முன்னரே மனத்தில் பதிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சுட்ட கால்சியம் பாஸ்பேட்டான இந்தப் பீங்கான் தானாக மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. மருந்து அதன் பரப்பில் ஒட்டியிருக்கிறதா, அல்லது துளைகளில் வெறுமனே உலர்ந்து கிடக்கிறதா என்பதைப் பொறுத்தே எல்லாம் நடக்கும். நான் பார்த்த தவறான முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பிரித்தறியாததால் வந்தவை.

எந்தப் பாஸ்பேட், எந்த மருந்து

இரண்டு பெயர்கள் அடிக்கடி வரும். அணு எண்ணிக்கையில், ஹைட்ராக்சி அபடைட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கால்சியம் 1.67 பங்கு, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5 பங்கு. முதலாவது உடலில் மிக மெதுவாகக் கரையும், இரண்டாவது விரைவாகக் கரையும். இரண்டையும் கலந்து நடுவழியில் செல்வோரும் உண்டு. முதன்முறை செய்கிறவர் ஹைட்ராக்சி அபடைட்டிலேயே தொடங்கலாம். சோதனை நடக்கும் 28 நாட்களில் மருந்தைச் சுமக்கும் மணி ஏறத்தாழ மாறாமல் இருப்பதால், மருந்தின் போக்கை மட்டும் தனியாகப் பார்க்க முடியும்.

மருந்தைப் பொறுத்தவரை ஜென்டாமைசின் புகழ்பெற்றது. ஆனால் அது புற ஊதா ஒளியை உருப்படியாக உட்கவர்வதில்லை. வேறொரு வினைபொருளைச் சேர்த்தே அளக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் நடுநிலைக் கரைசலில் மிகக் குறைவாகவே கரையும். டெட்ராசைக்ளின் கால்சியத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். வான்கோமைசின் 280 நானோமீட்டரில் தெளிவாக அளக்கக் கூடியது, எலும்புத் தொற்றுக்கு உண்மையில் பயன்படுவது. இந்த வழிகாட்டி அதை வைத்தே செல்கிறது.

தூள் தயாரித்தல்

சுண்ணாம்புப் பாலில் பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவதே எளிய முறை. பத்து மோல் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு ஆறு மோல் அமிலம். கழிவாக வருவது தண்ணீர் மட்டும் என்பது இதன் பெரிய நன்மை.

37.05 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடை, கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் வாலைவடிநீரில் கலக்கிக்கொண்டே இருங்கள். 85 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தில் 34.6 கிராம் எடுத்து, ஏற்கெனவே தண்ணீர் உள்ள குடுவையில் மெல்ல ஊற்றி, மொத்தம் 500 மில்லிலிட்டர் ஆக்குங்கள். அந்த அமிலத்தைச் சுண்ணாம்புப் பாலில் நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் வீதம் விடுங்கள். முழுவதும் முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்படாதீர்கள். பிஎச் (கரைசலின் அமில, கார அளவு) 10க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அம்மோனியாக் கரைசலைச் சேர்த்து நிலைநிறுத்துங்கள். கண்ணாடி அணிந்து, புகைபோக்கியின் கீழ் செய்யுங்கள். முடிந்ததும் 24 மணி நேரம் அப்படியே வைத்து முதிரவிட்டு, வடிகட்டிக் கழுவி, 90 டிகிரியில் உலர்த்துங்கள். எல்லாம் சரியாக நடந்தால் கணக்குப்படி 50 கிராம் தூள் வர வேண்டும்.

இதில் ஏமாற்றுவது சுண்ணாம்புதான். திறந்து வைத்த புட்டி காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிப் பாதி கார்பனேட்டாகியிருக்கும். 37.05 கிராம் எடைபோட்டோம் என்று நாம் நினைப்போம். உள்ளே இருக்கும் ஹைட்ராக்சைடு அதைவிடக் குறைவு. அதனால் சர்க்கரைக் கரைசலில் கரைத்து அமிலத்தால் தரம் பார்த்த பிறகே எடைபோடுங்கள். கால்சியம் குறைந்தால், சுடும்போது டிரைகால்சியம் பாஸ்பேட் கலந்துவிடும். கூடினால் தனிச் சுண்ணாம்பு மிஞ்சும், அது இன்னும் மோசம். எங்கள் ஆய்வகத்தில் முதல் ஆண்டு செய்த ஒரு தொகுதி, உலையிலிருந்து வந்தபோது அழகாக இருந்தது. மழைக்கால ஈரத்தில் இரண்டு வாரம் அலமாரியில் இருந்ததும் மணிகள் விரிந்து உதிர்ந்து மாவாகிவிட்டன. உள்ளே மிஞ்சிய சுண்ணாம்பு ஈரத்தைக் குடித்துப் பருத்ததே காரணம். இப்போதெல்லாம் சுட்ட மணியில் நீரும் ஒரு சொட்டு பினாப்தலீனும் விட்டுப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை. இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால் அந்தத் தொகுதி வேண்டாம்.

உள்ளூர்ப் பொருட்களைப் பற்றி மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள், அந்த ஆசை நல்லதுதான். நாமக்கல் முட்டையோடுகள் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். 900 டிகிரியில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். மேலே சொன்ன அளவுக்கு ஏறத்தாழ பத்து முட்டைகளின் ஓடுகளே போதும். கற்றுக்கொள்ள அருமையான பொருள். ஆனால் ஓட்டில் சிறிதளவு மக்னீசியம் உண்டு. அது டிரைகால்சியம் பாஸ்பேட் உருவாவதை ஆதரிக்கும். அளந்து எழுதி வைக்காமல் பயன்படுத்தக் கூடாது.

அடுத்த கேள்வி, சேலம் மாமாங்கம் பக்கத்தில் கிடைக்கும் மாக்னசைட் என்னும் மக்னீசியக் கல் பற்றியது. ஏற்காடு அடிவாரம் நோக்கிப் போகும்போது வெள்ளை வெளேரென்று தெரியும் அந்தக் குவியல்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, மக்னீசியம் சேர்த்த பாஸ்பேட் என்றதும் அந்தக் கல்தான் நினைவுக்கு வரும். வேண்டாம் என்பேன். அந்த வெள்ளை நரம்புகள் ஓடும் தாய்ப்பாறை டியூனைட் இனத்தைச் சேர்ந்தது. நிக்கலும் குரோமியமும் கலந்த பாறை. எஃகு உலைச் செங்கலுக்கு அது பொன். எலும்புக்கு அருகில் வைக்க நினைக்கும் பொருளுக்கு அது ஆகாது. அறுவை சிகிச்சைக்கான ஹைட்ராக்சி அபடைட்டில் ஆர்சனிக் கிலோவுக்கு 3 மில்லிகிராம், காட்மியமும் பாதரசமும் தலா 5, ஈயம் 30 என்பதே உலகத் தரம் வைத்திருக்கும் மேல் வரம்பு. மக்னீசியம் வேண்டுமானால் தூய மக்னீசியம் நைட்ரேட்டை வாங்குங்கள்.

மணியும் துளையும்

இங்கே சேலம் உண்மையாகவே கைகொடுக்கிறது. துளை உண்டாக்க, சுடும்போது எரிந்து மறையும் ஒரு பொருள் வேண்டும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவைவிடப் பொருத்தமானதை நான் இன்னும் பார்க்கவில்லை. அதன் மாவுமணிகள் ஏறத்தாழ 5 முதல் 35 மைக்ரான் அளவிலானவை. 70 டிகிரி வரை சூடாக்கினால் தண்ணீரைக் குடித்து வீங்கிக் கூழாகி, தூளைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். ஒரே பொருள் பசையாகவும் துளையாகவும் வேலை செய்கிறது.

சேகோ ஆலையிலிருந்து நேரே வாங்கிய மாவில் 10 கிராமை 600 டிகிரியில் எரித்து மிஞ்சும் சாம்பலை எடைபோடுங்கள். அந்தச் சாம்பல் முழுவதும் உங்கள் மணிக்குள் தங்கும். அதிகமாக இருந்தால் மாவை வாலைவடிநீரில் பலமுறை கழுவி உலர்த்திப் பயன்படுத்துங்கள்.

70 கிராம் தூளுக்கு 30 கிராம் மாவு என்று தொடங்கலாம். இதற்கு மேலே சொன்ன தயாரிப்பை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்கும். மாவில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்குங்கள். மீதியைப் பச்சையாகத் தூளுடன் கலந்து, கூழை ஊற்றிப் பிசையுங்கள். இடியாப்ப மாவுப் பதம் வந்ததும் சல்லடையில் அழுத்தித் தேய்த்து, உலர்த்தி, சுட்ட பிறகு அரை மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட மணிகளை மட்டும் பிரித்தெடுங்கள். எலும்பு உள்ளே வளர 100 மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகள் வேண்டும் என்பது 1971 முதல் சொல்லப்பட்டு வருவது. மாவு தரும் துளை அதைவிடச் சிறியது. மருந்துக்கு அது போதும். எலும்பு வளர்ச்சிக்கு மணிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் உதவும்.

சுடும்போது 600 டிகிரி வரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி மட்டுமே ஏற்றுங்கள். வேகமாகப் போனால் மாவிலிருந்து கிளம்பும் வாயு மணியை வெடிக்க வைக்கும். 600இல் இரண்டு மணி நேரம் நிறுத்தி, பிறகு 950 டிகிரிக்கு ஏற்றி மூன்று மணி நேரம் வையுங்கள்.

ஏன் 1,200 அல்ல? அங்கே சுட்டால் மணி கல்லாக இறுகும், வலிமை கூடும். கூடவே பரப்பு மறைந்துவிடும். சுடாத நுண்தூளில் ஒரு கிராமுக்குப் பல பத்துச் சதுர மீட்டர் பரப்பு இருக்கும். 1,200 டிகிரியில் சுட்டால் அது ஒன்றிரண்டு சதுர மீட்டராகச் சுருங்கும். மருந்து ஒட்டுவது அந்தப் பரப்பில்தான். வலிமையா, பரப்பா என்று பேரம் பேசும்போது நான் பரப்பின் பக்கம் நிற்கிறேன். இந்த மணிகள் எடையைத் தாங்கப் போவதில்லை.

சுட்டதைச் சோதிக்க எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படம் எடுங்கள். தாமிரக் கதிரில் 31.8 டிகிரியை ஒட்டிய உச்சி ஹைட்ராக்சி அபடைட்டுக்கு உரியது, 31.0இல் வந்தால் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், 37.3இல் வந்தால் தனிச் சுண்ணாம்பு. துளைக் கொள்ளளவை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு கிராம் மணியை வெற்றிடத்தில் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தாளில் உருட்டி மேல்நீரை நீக்கி எடைபோடுங்கள். கூடிய எடைதான் துளைக்குள் நின்ற நீர். இந்த எண்ணைக் குறிப்பேட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். அடுத்த படி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

மருந்தேற்றல்

வான்கோமைசின் ஹைட்ரோகுளோரைடை நீரில் கரைத்தால் கரைசல் அமிலமாக இருக்கும். அப்படியே மணியை அதில் போட்டால் மணியின் மேல்தோல் கரையும். நீங்கள் அளப்பது மருந்து ஒட்டுவதையா, மணி அரிபடுவதையா என்று தெரியாது. எனவே நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச்சை 6.5 அளவுக்குக் கொண்டுவாருங்கள். நடுநிலையை நெருங்கும்போது இந்த மருந்தின் கரைதிறன் குறையும். கலங்கல் தெரிந்தால் செறிவைக் குறையுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று தொடங்கலாம். தூளை எடுக்கும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய மருந்து இது.

ஒரு கிராம் மணிக்கு 10 மில்லிலிட்டர் கரைசல். வெற்றிடத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் துளையிலுள்ள காற்று குமிழாக வெளியேறும். பிறகு 24 மணி நேரம் மெல்ல ஆட்டிக்கொண்டே இருங்கள். மணி இல்லாத கரைசல் ஒன்றும், மருந்து இல்லாத நீரில் மணி ஒன்றும் பக்கத்திலேயே ஓட வேண்டும். முதலாவது, குடுவைச் சுவரிலும் வடிகட்டியிலும் மருந்து எவ்வளவு தொலைகிறது என்று காட்டும். இரண்டாவது, மணியிலிருந்து உதிரும் நுண்தூள் 280 நானோமீட்டர் அளவீட்டை எவ்வளவு உயர்த்துகிறது என்று காட்டும்.

இப்போது கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: தொடக்கத்தில் 50 மில்லிகிராம் மருந்து. ஒரு நாள் கழித்துத் தெளிநீரின் செறிவு மில்லிலிட்டருக்கு 4.5 மில்லிகிராம். அப்படியானால் பரப்பில் ஒட்டியது 0.5 பெருக்கல் 10, அதாவது 5 மில்லிகிராம். மணியின் துளைகளில் 0.6 மில்லிலிட்டர் நீர் நிற்கும் என்று முன்பே அளந்திருந்தோம். அந்த நீருக்குள் 2.7 மில்லிகிராம் மருந்து கரைந்த நிலையில் இருக்கிறது. மணியை வடித்து அப்படியே உலர்த்தினால் மொத்தம் 7.7 மில்லிகிராம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எதிலும் ஒட்டாத வெறும் உப்பு. தண்ணீர் பட்ட முதல் மணி நேரத்திலேயே அது ஓடிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, கரைசல் முழுவதையும் ஆவியாக்கிவிடுவது. அப்போது 50 மில்லிகிராமும் மணியில் இருக்கும், ஏற்றுதிறன் நூறு சதவீதம் என்று ஆய்வேட்டில் எழுதலாம். அதில் 45 மில்லிகிராம் மணியின் மேல் படிந்த தூசி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி, வெளியீட்டுச் சோதனையின் முதல் நாளிலேயே ஒன்பதில் எட்டுப் பங்கு மருந்து வெளியேறிவிட்டதென்று கலங்கிப்போய் வந்தார். பீங்கான் தோற்றுவிட்டது என்று நினைத்திருந்தார். பீங்கானிடம் அந்த மருந்து போய்ச் சேரவே இல்லை என்பதைக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இருவரும் கண்டுபிடித்தோம்.

ஆகவே, வடித்த மணியை 2 மில்லிலிட்டர் தூய நீரால் அரை நிமிடம் அலசுங்கள். அலசிய நீரையும் அளந்து கணக்கில் கழியுங்கள். தொடக்க வேகம் வேண்டும் என்று விரும்பினால் அலசாமலும் விடலாம். முதல் நாள் கிருமிகள் மிகுதியாக இருக்கும் காயத்துக்கு அது உதவவும் கூடும். ஆனால் அது உங்கள் தேர்வாக இருக்கட்டும், தற்செயலாக வேண்டாம்.

உலர்த்தச் சூட்டடுப்பு கூடாது. அறை வெப்பநிலையில் வெற்றிட உலர்த்தி போதும். பிறகு 100 மில்லிகிராம் மணியை 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10 மில்லிலிட்டரில் முழுவதும் கரைத்து, அதே அமிலத்தில் வரைந்த அளவீட்டுக் கோட்டை வைத்து மருந்தை நேரடியாக அளந்துவிடுங்கள். கழித்தல் கணக்கும் இந்த நேரடி அளவும் ஒத்துப்போனால்தான் மேலே செல்லலாம்.

கிருமி நீக்கம் பற்றிச் சுருக்கமாக: வான்கோமைசின் ஏறிய மணியை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைக்காதீர்கள். வெறும் மணியை 160 டிகிரி உலர்வெப்பத்தில் இரண்டு மணி நேரம் வைத்து, மருந்துக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, தூய காற்றறைக்குள் ஏற்றுங்கள்.

பாலிமர் பூச்சு

ஒட்டிய மருந்தும் விரைவாகப் போகிறது என்றால் பூச்சு உதவும். கைட்டோசான் என்ற பாலிமரைக் கரைக்க அசிட்டிக் அமிலம் வேண்டும், அந்த அமிலம் பாஸ்பேட்டை அரிக்கும். தோய்க்கும் நேரம் நொடிகளில் இருக்கட்டும். பாலிகேப்ரோலாக்டோன் என்ற இன்னொரு பாலிமரை டைகுளோரோமீத்தேனில் கரைத்துப் பூசினால் வான்கோமைசின் அந்தக் கரைப்பானில் கரையாது, ஏற்றிய மருந்து இடத்திலேயே இருக்கும். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது வழி.

வெளியீட்டுச் சோதனை

மருந்து வெளியேறுவதை அளக்கும் திரவமாகப் பெரும்பாலோர் பழக்கத்தால், பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலை எடுப்பார்கள். 1956இல் டிசேலியஸும் அவருடன் பணியாற்றியவர்களும் புரதங்களைப் பிரிக்க ஹைட்ராக்சி அபடைட் குழாயைப் பயன்படுத்தியபோது, ஒட்டிய புரதத்தைக் கழற்ற அவர்கள் ஊற்றியது பாஸ்பேட் கரைசலைத்தான். பரப்பிலுள்ள கால்சியத்தைப் பிடிக்கப் பாஸ்பேட் போட்டியிட்டு, அங்கே இருந்ததைத் தள்ளிவிடுகிறது. நாம் மருந்து தங்குமா என்று பார்க்க நினைக்கும் அதே பரப்பில், கழற்றுவதற்கென்றே பெயர்பெற்ற திரவத்தை ஊற்றுகிறோம்! பாஸ்பேட் தாங்கலும் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் தாங்கலும், இரண்டும் பிஎச் 7.4இல், 37 டிகிரியில், அருகருகே ஓடட்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி, மருந்து எந்தப் பிடியில் இருந்தது என்பதைச் சொல்லும்.

ஒரு கிராம் மணிக்கு 20 மில்லிலிட்டர் திரவம், இறுக மூடிய குப்பி, மெல்லிய ஆட்டம். 1, 2, 4, 8, 24 மணி நேரங்களிலும், பிறகு 2, 3, 5, 7, 14, 21, 28ஆம் நாட்களிலும் 2 மில்லிலிட்டர் எடுத்து, அதே அளவு புதிய திரவத்தை ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் குப்பியை எடைபோடுங்கள். சேலத்துக் கோடையில் மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகிச் செறிவு பொய் சொல்லும்.

எடுத்த மருந்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். முதல் மாதிரி மில்லிலிட்டருக்கு 0.10 மில்லிகிராம் செறிவு காட்டினால் வெளியேறியது 2.0 மில்லிகிராம். இரண்டாவது 0.12 காட்டினால் குப்பியில் 2.4, முன்பு எடுத்தது 0.2, ஆக 2.6. மூன்றாவது 0.13 என்றால் குப்பியில் 2.6, முன்பு எடுத்தவை 0.44, ஆக 3.04. இந்தத் திருத்தம் இல்லாமல் வரைந்த கோடு உண்மையைவிட எப்போதும் கீழேயே ஓடும்.

சமன்பாடு பொருத்துவதில் நிதானம் வேண்டும். ஹிகுச்சி 1961இல் தன் சமன்பாட்டைக் களிம்பில் மிகுதியாகக் கலந்த மருந்துக்காக எழுதினார்; பரப்பிலிருந்து கழலும் மருந்துக்கு அது அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. கோர்ஸ்மேயர், பெப்பாஸ் சமன்பாட்டை முதல் 60 சதவீத வெளியீட்டுக்கு மட்டும் பொருத்துங்கள். உருண்டைக்கு அடுக்கெண் 0.43ஐ ஒட்டி வந்தால் பரவல் முன்னிற்கிறது எனலாம். ஆனால் அந்த 60 சதவீதத்துக்குள் மூன்று புள்ளிகளே இருந்தால் எந்தச் சமன்பாடும் பொருந்தும். தொடக்க மணி நேரங்களில் நெருக்கமாக மாதிரி எடுக்கச் சொல்வது அதனால்தான்.

கடைசி நாள் வேலை

வான்கோமைசின் 37 டிகிரியில் வாரக்கணக்கில் இருந்தால் மெல்லச் சிதையும். சிதைந்த பொருளும் 280 நானோமீட்டரில் ஒளியை உட்கவரும். ஆகவே புற ஊதா அளவீடு, செத்த மருந்தையும் உயிருள்ள மருந்தென்றே எண்ணும். இரண்டாம் வாரத்துக்குப் பிந்தைய மாதிரிகளை உயர்திறன் திரவ நிறப்பகுப்பில் அளந்துகொள்ளுங்கள். நுண்ணுயிரியல் துறையினர் மூலம் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமிமேலும் சோதியுங்கள். மருந்து மூலக்கூறு பெரியது, அகர் தட்டில் மெதுவாகவே பரவும். அதனால் கிருமி வளராத வட்டத்தின் விட்டத்தை நம்பாமல், திரவ வளர்ப்பில் நீர்த்தல் முறையைக் கேளுங்கள்.

28ஆம் நாள் மணிகளை எடுத்து, உலர்த்தி, முன்பு போலவே அமிலத்தில் கரைத்து, மிச்ச மருந்தை அளவிடுங்கள். உள்ளே வைத்தது 5.0 மில்லிகிராம். வெளியே வந்தது 3.6, மணியில் மிஞ்சியது 0.9 என்றால் கூட்டினால் 4.5தான். அந்த அரை மில்லிகிராம் எங்கே போயிற்று என்பதற்கான விடை, முதல் நாள் முதல் அதே 37 டிகிரியில் மணி இல்லாமல் வைத்திருந்த மருந்துக் குப்பியில் இருக்கிறது. அதையும் அன்றே திறந்து அளந்துவிடுங்கள். மீந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாமல், ஆன்டிபயாடிக் கழிவுக் கலத்தில் சேர்த்து எரிப்புக்கு அனுப்புங்கள்.